அக்காவின் ஏழாவது கட்டை

என் அக்காவுக்கு அப்பா மொத்தம் ஏழு கட்டைகள் செய்து கொடுத்தார். கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்கும் மரக்கட்டைகள். முதலாவது அவளுடைய ஐந்தாம் வயதில். உயரம் முப்பத்தொன்றரை அங்குலம். ஏழாவது பதினெட்டாம் வயதில், நாற்பத்தாறரை அங்குலம். நடுவில் உள்ள ஐந்தின் அளவுகளும் என்னிடம் இருக்கின்றன. அப்பா ஒவ்வொன்றையும் கதவு நிலையின் உட்புறத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்த அன்று காலையில் நான் அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அக்காவின் இடது காலிலிருந்த பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் தச்சர். அவள் வளர வளர, அவளைச் சுவரோரம் நிறுத்தி, கக்கத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டுக் கோடு போட்டு, அடுத்த கட்டையைச் செய்வார். ஏழாவதைக் கொடுத்தபோது சொன்னார்:

“இதோட போதும்மா, வளர்றதை நிறுத்திக்கோ. பட்டறையில மரம் தீர்ந்துபோச்சு.”

“நான் நிறுத்திக்கிறேன்ப்பா. மொதல்ல நீங்க இருமறதை நிறுத்துங்க” என்றாள் அக்கா.

அவள் நிறுத்திக்கொண்டாள். அப்பாவால் முடியவில்லை. அடுத்த ஆண்டு போய்விட்டார்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையில் கம்பியைச் செருகி, இந்த வீட்டையும் அந்தக் கடையையும் பேசவைக்கும் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே செய்வது. ஆனால் அந்த அறை மாடியில் இருந்தது, இருபத்திரண்டு படிகள். கட்டையோடு ஏறுவதற்கு அவளுக்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளும் ஆகும். மற்ற பெண்கள் வழியில் நின்று பேசிக்கொண்டே வருவதால், பெரும்பாலும் இவள்தான் முதலில் போய்ச் சேருவாள்.

நான் வானிலை நிலையத்தில் சேர்ந்தேன். காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அதனால் அக்கா எனக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர் வைத்தாள். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள். என் பெயரை அவள் வாயால் கேட்டது, ஏதாவது படிவத்தில் எழுதச் சொல்லும்போது மட்டும்தான்.

நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் போவோம். பேருந்தில் மூன்று மணி நேரம். நோயாளிகளுக்குக் குணம் கிடைக்கும் இடம் என்று அதற்குப் பெயர். கோயிலை ஒட்டி ஓர் ஊற்று. அதில் கை கால் நனைத்துவிட்டு உள்ளே போய், பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியருகே மண்டியிட்டு வேண்டிக்கொள்வார்கள். இடதுபக்கச் சுவர் முழுக்கக் குணமானவர்கள் விட்டுப்போன பொருள்கள்: கைத்தடிகள், கட்டைகள், குழந்தைகளின் காலில் மாட்டும் இரும்புச் சட்டங்கள், தடித்த மூக்குக்கண்ணாடிகள். அக்காவுக்கு நான்கு வயதானதிலிருந்தே அம்மா அவளுக்காக வேண்டிக்கொண்டு வந்தாள். இருபத்து மூன்று ஆண்டுகள், ஓர் ஆண்டுகூட விடவில்லை. திரும்பி வரும் பேருந்தில் அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள்: “அடுத்த வருஷம் பார்க்கலாம்.” அலுப்பாகச் சொல்லமாட்டாள். கடைக்காரரிடம் சரக்கு வந்ததா என்று கேட்டுத் திரும்புகிறவள்போலச் சொல்வாள்.

அக்காவுக்கு இருபத்தேழு வயது நடந்த அந்த ஆண்டு, மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. மழை இல்லை. ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு எழுந்த அக்கா, கட்டையைக் கக்கத்தில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

“பிடிடா.”

நான் வாங்கிக்கொண்டேன். நடந்தாள். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிராதியைத் தொட்டபோது நாற்பத்து மூன்று அடி.

அம்மா சத்தமே போடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் கத்தினார்கள். கோயில் அலுவலகத்து எழுத்தர் பெரிய பதிவேட்டோடு வந்து பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதினார். கோயிலின் சாவிகளையும் மெழுகுவர்த்திகளையும் கவனித்துக்கொள்ளும் கோயிற்பிள்ளை ஒருவர் இருந்தார். குட்டையான மனிதர், சிரிக்காத முகம். என் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“தொங்கவிடலாமாம்மா?”

“விடுங்க ஐயா.”

ஏணியில் ஏறி, சுவரில் கட்டையைக் கயிற்றால் கட்டினார். அதன் பக்கத்திலும் மேலேயும் இருந்தவற்றையெல்லாம் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அன்றைய நோட்டில் நான் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கட்டையைக் கயிற்றால் கட்டினார். ஆணி தீர்ந்துவிட்டதுபோலும்.’

அடுத்த பதினோரு நாட்களை நான் எழுதிவைத்தது குறைவு, நினைவில் வைத்திருப்பது அதிகம். கட்டையோடு நடப்பவருக்கு ஒரு கை எப்போதும் வேலையில் இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் காலை டீயை அக்கா ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவருவாள். அந்தப் பதினோரு நாளும் இரண்டு கையிலும் இரண்டு டம்ளர். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. மூன்றாம் நாள் நான் எழுந்து போய் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன்.

“உட்காருடா! எழுந்தே, மேல ஊத்திடுவேன்.”

உட்கார்ந்தேன். அவள் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரும் அந்தப் பன்னிரண்டு அடியும், டீ சிந்தாமல் இருக்க அவள் டம்ளர்களையே பார்த்துக்கொண்டு வந்ததும், நாக்கின் நுனி லேசாக வெளியே தெரிந்ததும், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா எங்கள் பங்குக் கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். நாற்பத்து மூன்று அடியைப் பற்றிச் சொல்லவே இல்லை. “என் பொண்ணு ரெண்டு கையிலயும் டம்ளர் எடுத்துட்டு வந்தா” என்றுதான் சொன்னாள். கேட்டவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, அழுதார்கள்.

பன்னிரண்டாம் நாள், இருபத்தைந்தாம் தேதி, தொலைபேசி நிலையத்தின் ஒன்பதாவது படியில் அக்காவின் கால் மடங்கியது. விழுந்தாள். யாரும் பார்க்கவில்லை. எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போய், வேலையை முடித்துவிட்டு, யாரோ மறந்துவிட்டுப்போன நீளக்காம்புக் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன்.

“குடை எதுக்கு? மழையே இல்லையே.”

“உன் மழையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. கால் போச்சுடா.”

வழியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொன்னே, உன்னைக் கொன்னுடுவேன். அப்பா போனதிலிருந்து ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே கிடந்தவங்க. இந்தப் பத்து நாளாத்தான் தூங்குறாங்க.”

“எத்தனை நாளைக்கு மறைப்பே?”

“தெரிஞ்சா சொல்லமாட்டேனா?”

அப்படித்தான் அந்தக் குடை எங்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குள் சுவரையும் சாமான்களையும் பிடித்து நடந்தாள். வெளியே குடை. மழை அளப்பவனுடைய அக்கா தினமும் குடையோடு போகிறாள் என்பதைத் தெரு கவனித்தது. இரண்டாவது வாரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கையில் குடை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எதிர்வீட்டுத் தையற்காரர் ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

“ஏன் தம்பி, உங்க ஆபீசை நம்பிப் பத்து நாளா இதைத் தூக்கிட்டு அலையறேன். எப்பத்தான் வரும்?”

“நாங்க வந்ததை அளக்கறவங்கண்ணே. வரப்போறதைச் சொல்றவங்க வேற ஆளு.”

“அப்ப உங்க அக்கா எதுக்குக் குடை எடுத்துட்டுப் போகுது?”

“வெயிலுக்கு” என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அது நீளமில்லை. அதில் இது இருக்கிறது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, விஷயம் மோசமாகிக்கொண்டு வந்தது. குடை மெலிந்தது, உயரமும் பற்றாது. பாரம் முழுவதும் வலது முழங்காலில் இறங்கியது. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, இப்படியே ஒரு மாதம் நடந்தால் நல்ல காலும் போய்விடும் என்றார். மருத்துவமனையில் ஒரு கட்டை கொடுத்தார்கள். அதை வேலை செய்யும் இடத்திலேயே வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் பொதுவாகச் செய்த கட்டை. அவளுடைய உடம்பின் சாய்வு அதற்குத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் கக்கம் புண்ணாகிவிட்டது. அவள் உடம்புக்குத் தெரிந்த கட்டை ஒன்றுதான் இருந்தது. அது மலைமேல், குணமானவர்களின் சுவரில்.

“போய்க் கேட்டுடலாம்” என்றேன்.

“என்னன்னு கேட்கறது? மாதாவே, நீ குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டே, நான் குடுத்ததைத் திருப்பிக் குடுன்னா?”

“அப்படியேதான் கேளேன்.”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “செவ்வாய்க்கிழமை லீவு போடு” என்றாள்.

ஏப்ரல் இருபத்தொன்று. அம்மாவிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம். வழியெல்லாம் அக்கா சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். மேலே போனபோது கோயிலில் கூட்டமில்லை, ஏழு பேர். கோயிற்பிள்ளை மெழுகுத் துளிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார், பிறகு குடையைப் பார்த்தார். அக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு சுவரை நோக்கிப் போய்விட்டார்.

கயிற்றின் நுனியை ஓர் இழு இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கட்டை அவர் கைக்கு வந்தது.

“ஐயா, நான் இன்னும் கேட்கவே இல்லையே” என்றாள் அக்கா.

“கேட்க வேணாம்மா. முதல் வருஷம் நான் எதையும் ஆணி அடிக்கறதில்லை. கயிறுதான். ஒரு வருஷம் யாரும் வரலைன்னா அப்புறம் ஆணி.”

நான் அப்போதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தேன். ஆணியில் இருந்தவை நூற்றுப் பன்னிரண்டு. கயிற்றில் இருந்தவை ஒன்பது. அக்காவுடையதைக் கழித்தால் எட்டு.

“நிறையப் பேர் வருவாங்களா?” என்று கேட்டேன்.

“அதை நான் எண்ணறதில்லை தம்பி.”

அக்கா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த ரப்பர் புதிதாக இருந்தது.

“இதை மாத்தினீங்களா?”

“பழசு ஒரு பக்கமா தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு எப்படிம்மா மலையேறினே? நீ விழாம வந்து சேர்ந்ததே ஒரு அற்புதம். அதைத்தான் மொதல்ல எழுதியிருக்கணும்.”

அக்கா சிரித்தாள். நான்கு வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் கண்டுகொள்ளாமல் ஏணியை மடக்கினார்.

“சுவத்துல தொங்கறதுக்கு எதுக்கு ஐயா புது ரப்பர்?” என்றேன் நான்.

“தொங்கறதுக்கு யாரு போட்டா? திரும்ப வந்து எடுத்துட்டுப் போனா இறக்கத்துல வழுக்கக் கூடாதில்ல?”

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. “பதிவேட்டுல அக்கா பேரு இருக்கே. அதைத் திருத்த வேண்டாமா?”

அக்கா முறைத்தாள். “உனக்கு இப்ப அதுதான் முக்கியமா?”

கோயிற்பிள்ளை யோசித்தார். “எதைத் திருத்தறது? உங்க அக்கா நடக்கலையா?”

“நடந்தாங்க. பதினோரு நாள்.”

“அப்ப அதை எழுதுங்க. பக்கத்துல ஓரத்துல இடம் இருக்கு.”

அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பதிவேட்டைத் திறந்து கொடுத்தார். பேனாவை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றிருந்தாள்.

“எழுதுடா மில்லிமீட்டர். டம்ளரையும் சேர்த்து எழுது.”

எழுதினேன். ‘பதினோரு நாட்கள். காலை டீ, இரண்டு கையிலும்.’ தேதியும் போட்டேன். குடையை அக்கா அங்கேயே விட்டுவிட்டாள். அதையும் சுவரில் கட்டட்டுமா என்று கோயிற்பிள்ளை கேட்டார். இந்த முறையும் முகம் சிரிக்கவில்லை.

திரும்பும்போது மாலை ஐந்தேகால். வீட்டு வாசலில் அக்கா நின்றுவிட்டாள்.

“இன்னிக்கு ராத்திரியிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போச்சு” என்றாள்.

“கட்டையைப் பின்பக்கமா வைச்சுட்டுப் போயிடலாமா?”

“இல்லடா. போதும்.”

உள்ளே போனாள். அம்மா அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கட்டை தரையில் பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா திரும்பவில்லை.

“ரப்பர் மாத்தியாச்சா? சத்தம் கம்மியா இருக்கே” என்றாள்.

அக்கா அப்படியே நின்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“டேய், அந்த நாற்காலியையெல்லாம் எடுத்துப் பழைய இடத்துல போடு. நாலு வாரமா இடிச்சு இடிச்சு என் முட்டி வீங்கிப்போச்சு.”

அப்போதுதான் நான் பார்த்தேன். மூன்று நாற்காலி, அம்மாவின் தையல் மேசை, அரிசி டப்பா, பழைய பெட்டி. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து குளியலறைக்கு, ஒன்றிலிருந்து அடுத்தது சரியாக ஒரு கை எட்டும் தூரம். நான் அவற்றினூடே இருபத்தாறு நாள் நடந்திருக்கிறேன். நோட்டைத் திறந்தேன். மார்ச் இருபத்தாறு: ‘அம்மா வீட்டைச் சுத்தம் செய்தாள். சாமான்கள் இடம் மாற்றம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

“தெரியுமாம்மா?” என்றாள் அக்கா.

“பெத்தவளுக்கு நடை தெரியாதா? நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ குடையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டே. தெருவே குடையைத் தூக்கிட்டுச்சு.” கட்டையின் மேல்புறத்தில் அப்பா சீவிய வளைவைத் தடவிப் பார்த்தாள். “அங்கேயே விட்டுட்டு வந்தப்ப எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உங்கப்பா கையால செஞ்சது.”

பிறகு டீ போட்டாள். அக்கா அதை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை ஏழு மணி வரை அம்மா தூங்கினாள். அதை எழுதிவைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் ஆண்டுதோறும் மலைக்குப் போனோம். அக்கா தன் பையில் கட்டைக்குப் போடும் ரப்பர்களை, அளவு வாரியாகப் பொட்டலம் கட்டி எடுத்து வருவாள். கோயிற்பிள்ளையும் அவளும் உட்கார்ந்து, கயிற்றில் இருப்பவற்றையெல்லாம் இறக்கி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கட்டுவார்கள். பேசிக்கொள்ளமாட்டார்கள். அம்மா கிராதியருகே வேண்டிக்கொண்டிருப்பாள். பேருந்தில், “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பாள். அம்மா போன பிறகு அதை அக்கா சொல்லத் தொடங்கினாள்.

“இப்பவும் காலுக்காக வேண்டிக்கறியா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பின்னே? கேட்கறதுக்கு என்ன? ஆனா கட்டையை விடமாட்டேன்.”

அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்பாள். “நாள் முழுக்க ஊர்க்காரன் பேச்சையெல்லாம் காதுல வாங்கறேன். வீட்டுக்கு வந்தும் ஒருத்தன் பேச்சைக் கேட்கணுமா? உன் பேச்சே அதிகம்.” தானியங்கி இயந்திரம் வந்து பலகைகளை எடுத்தபோது, விசாரணைப் பிரிவுக்கு மாறினாள். முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து, அதே இருபத்திரண்டு படிகளில் இறங்கி ஓய்வுபெற்றாள். கடைசிக் காலத்தில் அவள் உடம்பு சற்றுக் குறுகியது. கட்டையில் அரை அங்குலம் நான் அறுத்துக் கொடுத்தேன். “அப்பா வளராதேன்னுதான் சொன்னாரு, குறையாதேன்னு சொல்லலையே” என்றாள்.

சென்ற நவம்பரில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

போன வாரம் கட்டையை எடுத்துக்கொண்டு மலைக்குத் தனியாகப் போனேன். இப்போது படிகளை விட்டுச் சாய்வு வழியில்தான் ஏறுகிறேன், இருமுறை உட்கார்ந்தேன். பழைய கோயிற்பிள்ளை இல்லை. அவருடைய மருமகன் அந்த வேலையில் இருக்கிறார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. கட்டையை வாங்கிப் பார்த்ததும் யாருடையது என்று கண்டுகொண்டார்.

“‘ரப்பர் அக்கா’வுடையதா?” என்றார். அங்கே அவளுக்கு அந்தப் பெயர்தான். நவம்பரில் போய்விட்டாள் என்றேன். பிறகு ஏணியை எடுத்து வந்தார். ஒரு கையில் ஆணி, ஒரு கையில் கயிறு. “ஐயா, அவங்க இனி வரப்போறதில்லை. ஆணியே அடிச்சுடட்டுமா?”

சரி என்றுதான் சொல்ல நினைத்தேன். ஊற்றுப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள், நாற்பது வயதிருக்கும். பொதுவாகச் செய்த ஒரு கட்டையை ஊன்றியிருந்தாள். தோள் தூக்கிக்கொண்டு நின்றது. அது அவளுக்கு இரண்டு அங்குலமாவது அதிகம்.

“கயிறே போதும். யாருக்காவது அளவு சரியா இருந்தா இறக்கிக் குடுத்துடுங்க” என்றேன்.

அவர் ஒரு சீட்டைக் கொடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் நான் எழுதினேன்: ‘உயரம் நாற்பத்தாறு அங்குலம். இடது பக்கம் ஊன்றுபவருக்கு. ரப்பர் சென்ற அக்டோபரில் மாற்றியது.’